மிளகுக் கொடியும் விரைவு வாடலும்

மாஹேயில் நான் கழித்த மூன்று வருடங்களைப் பற்றி இதற்கு முன் இரண்டு பதிவுகள் எழுதியிருந்தேன். படித்துவிட்டுக் காரைக்கால் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மீன்கறி, ரயில் நிலையம், கள்ளுக்கடை எல்லாம் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் எந்தச் சரக்குக்காக அந்த ஊருக்குப் போனானோ அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே?" என்றார். நியாயமான கேள்வி. 1721ல் பிரெஞ்சுக் கம்பெனி அங்கே கால் வைத்தது மிளகுக்காகத்தான். ஆகவே இன்று மிளகு. அதிலும் மிளகுக் கொடியைக் கொல்லும் ஒரு நோயும், அந்த நோயைத் தாங்கும்படி கொடியைப் பழக்க முடியுமா என்பதும். விவசாயி அல்லாத ஓய்வுபெற்ற எழுத்தருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், பதில் போகப் போகத் தெரியும்.

முதலில் ஒரு சொல் கணக்கு. எங்களுக்குப் பள்ளியில் பாடம் எல்லாம் பிரெஞ்சில். மிளகுக்கு 'புவாவ்ர்', குடமிளகாய்க்கு 'புவாவ்ரோன்', கார மிளகாய்க்கு 'பிமான்' என்று தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பிற்பாடு அலுவலகத்தில் ஆங்கிலம் பழகியபோது எல்லாமே 'பெப்பர்' என்றதும் எனக்குக் குழப்பம். மிளகைத் தேடிப்போன கொலம்பஸ் கூட்டம் அமெரிக்காவில் மிளகாயைக் கண்டு அதற்கும் அதே பெயரை வைத்ததால் வந்த வினை. நம்மவர்களும் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் ஆக்கினார்கள். உண்மையில் இரண்டுக்கும் உறவே கிடையாது. மிளகு வெற்றிலைக்கு உடன்பிறப்பு. மிளகாய் கத்திரிக்காய்க்கும் தக்காளிக்கும் பங்காளி.

ஆனால் ஒரு கிருமிக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் இல்லை. 1922ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் மிளகாய்ச் செடிகளை அழித்துக்கொண்டிருந்த ஒரு கிருமியை லியோனியன் என்ற அறிஞர் கண்டு, 'பைட்டோப்தோரா கேப்சிசி' என்று பெயரிட்டார். முதல் பாதி கிரேக்கம்; 'செடியை அழிப்பது' என்று பொருள். அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றுதான் 1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுக வைத்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியது. நியூ மெக்ஸிகோவின் மிளகாயைக் கொன்றது நம் மலபார் மிளகுக் கொடியையும் கொல்கிறது. கேரளத்தில் அதை 'த்ருதவாட்டம்' என்பார்கள். நம் வேளாண் நூல்களில் விரைவு வாடல், அடி அழுகல் என்றிருக்கும்.

நான் அதை நேரில் பார்த்தது 1988 ஜூலையில். மாஹேயில் எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவரை ஏட்டன் என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பக்கத்தில் அண்ணனுக்கு அதுதான் சொல். அவருக்கு ஊரில் வீடு மட்டும்தான். மாஹே மொத்தமே 9 சதுர கிலோமீட்டர். அதில் தோட்டம் எங்கே போடுவது? தோட்டம் கிழக்கே கண்ணூர் மாவட்டத்து மலைச்சரிவில். முள்முருங்கையிலும் பலாவிலும் கமுகிலும் ஏற்றிவிட்ட 140 கொடிகள். எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், அவருடைய இளைய மகள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கணக்கு நோட்டில் ஒவ்வொரு கொடிக்கும் எண் போட்டு வைத்திருந்தாள். அந்த வீட்டில் அலுவலகப் புத்தி உள்ளவள் அவள் ஒருத்திதான் என்று நான் கேலி செய்வேன்.

அந்த வருடம் மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மிளகு பறித்துக் காயவைத்து விற்று, மார்ச்சுக்குள் முடிப்பதாக ஏற்பாடு. ஜூன் மாதம் மழை நன்றாகவே பிடித்தது. ஏட்டனுக்குச் சந்தோஷம். திருவாதிரை ஞாற்றுவேலையில் (ஜூன் கடைசியில் சூரியன் திருவாதிரையில் நிற்கும் இரண்டு வாரம்) பெய்கிற மழைதான் மிளகுக்கு உயிர் என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். நடவு அப்போதுதான், கதிரில் பூ பிடிப்பதும் அந்த மழையில்தான். வெள்ளைக்காரன் கொடியை எடுத்துக்கொண்டு போகட்டும், நம் திருவாதிரை மழையை எடுத்துப் போக முடியுமா என்று சாமூதிரி சொன்னதாக அவர்கள் ஒரு கதை சொல்வார்கள். ஏட்டனும் எனக்கு அதை நாலைந்து முறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போல.

ஜூலை இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தரையோரத்து இலைகளில் வெந்நீர் பட்டதுபோலக் கருத்த புள்ளிகள். ஓரம் நூல் பிரிந்தமாதிரி விரிந்துகொண்டே போகும். சில கொடிகளில் இலை பச்சையாகவே உதிர்ந்து கிடந்தது. பிஞ்சுக் கதிர்களும் உதிர்ந்திருந்தன. ஏட்டன் ஒரு கொடியின் அடித்தண்டில் விரல் வைத்தார். பட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. "சாரே, இது போயி" என்றார். அப்புறம் அடுத்த கொடிக்குப் போனார். மூன்று வாரத்துக்குள், முந்தின மாதம் மரத்தை மூடிக்கொண்டு நின்ற கொடிகள் கணுக்கணுவாக ஒடிந்து விழுந்தன. இளையவளின் நோட்டில் 91 எண்களுக்கு நேராகக் கோடு போட்டிருந்தாள். கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. நிவாரணம் கேட்டு ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். பார்வையிட ஆள் வந்தபோது நவம்பர். வெறும் மரங்கள்தான் இருந்தன. இங்கே கொடி இருந்ததற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார்களாம். அந்த நோட்டைக் காட்டியிருக்கிறாள். பள்ளிக்கூட நோட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். அன்று கிடைத்தது கொஞ்சம்; ஓய்வுக்குப் பிறகு கணினி வந்ததும் நிறைய.

இந்தக் கிருமியைப் பூஞ்சை என்று எழுதுவது வழக்கம். கண்டிப்பாகப் பார்த்தால் அது பூஞ்சை அல்ல. கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய வகை. அதனால்தான் பூஞ்சைக்கு என்று விற்கும் பல மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. மண்ணிலும் செத்த வேரிலும் காத்திருக்கும். மழை பெய்து தண்ணீர் தேங்கியதும், இரண்டு வால் கொண்ட நுண்ணிய வித்துகளை வெளியே விடும். அவை நீந்தும். வேரைத் தேடி நீந்தும். மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும்போது சேற்றோடு கீழ் இலைக்கும் ஏறிவிடும். தரையில் படர்ந்து ஓடும் கிளைகளை அங்கே செந்தலை என்பார்கள். பெரும்பாலும் முதலில் மாட்டுவது அவைதான். ஆக, பூ பிடிக்க வைக்கும் அதே திருவாதிரை மழைதான் சாவையும் சுமந்துகொண்டு வருகிறது. ஏட்டனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ மழையை வேண்டாமென்னு பறையணுமோ?" என்றார்.

அன்றைக்கு மருந்து என்றால் போர்டோ கலவைதான். இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு சொந்தம் கொண்டாடத் தோன்றியது. 1882 இலையுதிர் காலத்தில் பொர்தோ பக்கத்து மெதோக் பகுதியில் மில்லார்தே என்ற பேராசிரியர் நடந்து போகிறார். திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் நோயில் இலையிழந்து நிற்க, சாலையோரத்து வரிசைகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. விசாரித்தால், போகிற வருகிறவர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, விஷம்போலத் தெரியட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருக்கிறார்கள். திருடனுக்காக வைத்தது நோயைத் தடுத்தது. மில்லார்தே சோதித்துப் பார்த்து 1885ல் முறையை வெளியிட்டார்.

மிளகுக்கு இன்றும் அதே கணக்கு: ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் கத்தியை முக்கிப் பார்த்தால் செம்பு நிறம் ஏறக்கூடாது. ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. மழை தொடங்கும் முன் ஒன்று, ஆகஸ்ட் செப்டம்பரில் இன்னொன்று. ஏட்டன் அந்த வருடம் முதல் தெளிப்பைத் தள்ளிப்போட்டிருந்தார் என்று ஊரில் பேசினார்கள். மே மாதம் கையில் பணம் இல்லாதவர் எப்படித் தெளிப்பார்?

1885 என்றால் பள்ளியில் எங்களுக்கு மனப்பாடம் ஆன வருடம். ஜூலை 6ஆம் தேதி, வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்தேர் என்ற சிறுவனுக்குப் பாஸ்தேர் தடுப்பூசி போட்டார். ஒரே நாட்டில் ஒரே வருடத்தில் இரண்டு வழிகள். மேலே விஷத்தைப் பூசிக் கிருமியை விரட்டுவது ஒன்று. உடம்புக்குள்ளேயே எதிர்ப்பை எழுப்புவது மற்றொன்று. இரண்டாவதைச் செடிக்கும் செய்ய முடியுமா என்று அப்போதே சிலர் யோசித்திருக்கிறார்கள். 1901ல் பொவெரி, ரே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தனித்தனியாக இதைப் பற்றி எழுதினார்கள். வீரியம் குறைந்த பூஞ்சையோடு பழகிய பெகோனியாச் செடிகள் வீரியமான பூஞ்சையைத் தாங்கின என்பது பொவெரியின் சோதனை. 'செடிகளுக்கு நோயெதிர்ப்பு ஏற்றும் முயற்சி' என்ற பொருளில் தலைப்பு. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்தவில்லை. கோப்பைக் கட்டி அலமாரியில் வைப்பது எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல.

1961ல் அமெரிக்காவில் ராஸ் என்பவர் அதை மறுபடி திறந்தார். புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் ஒரு வைரஸைத் தடவினார். அங்கங்கே சின்னப் புள்ளிகளாகக் கருகி நோய் அங்கேயே நின்றது. சில நாள் கழித்து, தொடாத மேல் இலைகளில் தடவிப் பார்த்தார். புள்ளிகள் குறைவாகவும் சிறியதாகவும் வந்தன. கீழே நடந்த சண்டை மேலே எப்படியோ தெரிந்திருக்கிறது. 1979ல் இங்கிலாந்தில் வொய்ட் என்பவர் வைரஸே இல்லாமல் வெறும் ஆஸ்பிரினைப் புகையிலை இலையில் ஏற்றினார். அதற்கும் எதிர்ப்பு வந்தது! நாம் தினம் இரவு இதயத்துக்காக விழுங்கும் அதே ஆஸ்பிரின்தான். (1853ல் அதை முதலில் உண்டாக்கியவர் ஸ்ட்ராஸ்பூரைச் சேர்ந்த ஜெரார். இதையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.) காரணம் பிற்பாடு தெளிவானது: ஆஸ்பிரினின் மூலமான சாலிசிலிக் அமிலத்தைச் செடியே தயாரிக்கிறது. கிருமி தொட்ட இடத்தில் சில செல்கள் தாமாகச் செத்து வழியடைக்கின்றன. சாலிசிலிக் அமிலம் கூடுகிறது. கிருமியின் சுவரை அரிக்கும் நொதிகள் மற்ற பாகங்களிலும் தயாராகின்றன.

பைட்டோப்தோராவுக்கு எதிராக இதைச் செய்து பார்த்தவர்களில் கொரியாக்காரர்கள் முக்கியமானவர்கள். மிளகாய் இல்லாமல் அவர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு கிடையாது. இந்த நோயால் அவர்கள் வயல்களும் அடிபட்டவை. 1990களில் அங்கே மிளகாய்ச் செடிக்குப் 'பாபா' என்று சுருக்கமாக அழைக்கும் ஓர் அமினோ அமிலத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பிறகு தண்டில் கிருமியைச் செலுத்தினார்கள். கொடுத்த செடிகள் தாங்கின. தண்டுக்குள் சாலிசிலிக் அமிலமும் அந்த நொதிகளும் கூடியிருந்தன. அந்தப் பொருள் நேராகக் கிருமியைக் கொல்வதில்லை. செடியை உசுப்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கொடிக்கு வந்த வழி வேறு. 1991ல் நெதர்லாந்தில் கார்னேஷன் பூச்செடியின் வேரில் ஒரு நல்ல பாக்டீரியாவை விட்டுப் பார்த்ததில், கிருமியை நேரில் சந்திக்காமலேயே அது தண்டுக்கு எதிர்ப்பைக் கொடுத்தது என்று கண்டார்கள். அது சூடோமோனாஸ் வகை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 'பிஎப் 1' என்ற சூடோமோனாஸ் பொடியைத் தமிழ்நாட்டு விவசாயிகளில் பலர் நெல்லுக்கே பயன்படுத்தியிருப்பார்கள். கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மிளகின் வேர்மண்ணிலிருந்தே இப்படிப்பட்டவற்றைப் பிரித்தெடுத்தது. கூடவே டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை; மக்கிய சாணத்திலும் வேப்பம் பிண்ணாக்கிலும் பெருக்கி, கொடியின் அடியில் போடுவது. இன்னொன்று பொட்டாசியம் பாஸ்போனேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி. இது கிருமியையும் அடக்கும், கொடியின் எதிர்ப்பையும் தூண்டும்; இலையில் தெளித்தால் வேர்வரை இறங்கும். இந்தக் குடும்பத்து மருந்தை 1970களின் கடைசியில் முதலில் கொண்டுவந்ததும் ஒரு பிரெஞ்சு நிறுவனம்தான். போதும், இனி பிரெஞ்சுப் பெருமை பேசமாட்டேன்.

பிரேசில் திப்பிலியின் மேல் நம் மிளகை ஒட்டுக்கட்டும் வழியும் உண்டு. அந்தத் திப்பிலியின் வேரை இந்தக் கிருமி ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும். சில வருடத்தில் ஒட்டு பிடிக்காமல் போவதும் நடக்கிறது. வேலியோரம் இரண்டு வைத்துக்கொள்ளலாம். மலைச்சரிவுக்கு ஆகாது.

சில கடைகளில் இப்போது 'செடிகளுக்குத் தடுப்பூசி' என்று விளம்பரம் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. நமக்கு இருப்பதுபோல ரத்தத்தில் சுற்றிவரும் வெள்ளையணுக்கள் செடிக்கு இல்லை. ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் நிற்பது என்ற பேச்சும் இல்லை. எழுப்பிய எதிர்ப்பு கொஞ்ச நாளில் அடங்கும், திரும்ப எழுப்ப வேண்டும். அது முழுப் பாதுகாப்பும் அல்ல. நோயைக் குறைக்கும், தாமதப்படுத்தும். எப்போதும் விழித்தே இருக்கச் செடிக்கும் செலவு உண்டு, வளர்ச்சியில் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்தண்டு அழுகிய பிறகு இதில் எதைக் கொட்டியும் பயனில்லை. நோய் வருவதற்கு முன், இலையெல்லாம் பச்சையாக இருக்கும்போது, ஒன்றும் நடக்காத மே மாதத்தில் செய்ய வேண்டிய வேலை. செய்து பலித்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொடி சாகவில்லை என்பதுதான் அத்தாட்சி. இதற்காகக் கடன் வாங்கிச் செலவு செய் என்று ஒரு விவசாயியிடம் சொல்வது எவ்வளவு கடினம் என்று 1988ஐப் பார்த்த எனக்குத் தெரியும்.

ஏட்டன் 2003ல் தவறிவிட்டார். அதற்கு முன்பே மகன் சரிவின் பெரும்பகுதியில் ரப்பர் வைத்துவிட்டான். அவன் மேல் எனக்குக் குறை இல்லை; மாதாமாதம் பணம் வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? வீட்டை ஒட்டிய ஓரம் மட்டும் இளையவளின் பங்குக்கு வந்தது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே 2012ல் அதில் 60 கொடி வைத்தாள். நாற்றை வெளியே வாங்காமல் தானே வேர்பிடிக்க வைத்தாள். நோய் நாற்றோடும் வரும் என்று படித்திருக்கிறாள். மறுபடியும் ஒரு நோட்டு, மறுபடியும் எண்கள். இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக என்ன போட்டது, எந்தத் தேதி என்ற பத்தியும் உண்டு.

2018 ஆகஸ்டில் கேரளமே வெள்ளத்தில் கிடந்ததே, அந்த வருடம் 14 கொடி போயிற்று. அடுத்த வருடம் 9. தண்ணீர் தேங்கிய கீழ்ப்பக்கத்தில்தான் அதிகம். "மீதி 37 நிக்கிறது, அங்கிள்" என்று தொலைபேசியில் சொன்னாள். டிரைக்கோடெர்மாவும் பாஸ்போனேட்டும்தான் காப்பாற்றியதா, வடிகால் வெட்டியதாலா என்று கேட்டேன். "எனக்கும் தெரியல. ஒண்ணும் செய்யாம பத்துக் கொடியை விட்டுப் பார்த்தாத்தானே தெரியும்? அந்தப் பத்தைச் சாகவிட எனக்கு மனசு வரல" என்றாள். விஞ்ஞானிகள் இந்தப் பதிலை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

போன மே மாதம் பேசியபோது போர்டோ கலவைக்கும் டிரைக்கோடெர்மாவுக்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்று கேட்டாள். செம்பு அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும். 15 நாளாவது இடைவெளி வேண்டும் என்றேன். செந்தலைகளை வெட்டியாயிற்று, நிழல் மரங்களின் கிளையைக் கழித்தாயிற்று, பிண்ணாக்கு வந்து இறங்கிவிட்டதாம். புதிதாக வைத்தவற்றையும் சேர்த்து 52 கொடி. அதில் 12 கொடிக்கு அடித்தண்டில் பசை பூசுவது பாக்கி. மேற்கே மேகம் தெரிகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.